வெந்நீர் வருமா

முதலாவதில் கண்ணாடிச் சுவர்,
மாதம் நூற்றிருபது லாரி.
வரவேற்பில் இருந்தவள்
என் காலணியைத்தான் பார்த்தாள்.
இரண்டாவது மலிவு; ஆனால்
ஓராண்டுக் கட்டணம் முன்கூட்டியே வேண்டுமாம்.
மாதக் கடைசிவரைக்கே
எனக்குக் கணக்கு எட்டுவதில்லை.

இது மூன்றாவது. க்ல்தானியில்,
மருந்துக்கடைக்குக் கீழே நிலவறை.
ஓடுபொறி ஒன்று, ஓடுவதில்லை.
எடைத்தட்டுகளில் எண்கள் தேய்ந்துவிட்டன.
"தூக்கினால் தெரிந்துவிடும்" என்கிறார் ஸுராப்,
பழைய மல்யுத்தக்காரர்,
காது இரண்டும் கசங்கிய பணியாரம்.
நாற்பது லாரி. வாராவாரமும் கொடுக்கலாம்.

நான் கேட்டது ஒன்றுதான்.
குழாயைத் திறந்துவிட்டு
கையை நீட்டச் சொன்னார்.

வீட்டில் கொதிகலன் செத்துப் பதினெட்டு நாள்.
கையை எடுக்க மனமில்லை.

பதிவேட்டில் கேத்தெவான் என்று எழுதியபோது
தாள் நனைந்து
அடுத்த பக்கம்வரை இறங்கியது மை.