பாக்கி ஐந்து

மாதாந்திரப் பராமரிப்பு.
காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை
கரூரில் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை.
செக்கிங் ஹாலில் மேசைக்கு அடியில் விளக்கு எரியாமல்
விரிப்பில் இழை விட்டது தெரியாது.
ஆகவே எங்களுக்கு லீவு,
அரைச் சம்பளம்.

வீட்டுக்குப் போனால் வீடு வேலை சொல்லும்.
பதினாறு வருஷமாய்ப் பஸ் ஜன்னலில் கடந்துபோன
அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன்.

டிக்கெட் ஐந்து ரூபாய். நீட்டியது பத்து.
"சில்லறை இல்லீங்களேக்கா" என்றாள்
குரூப் ஃபோர் வழிகாட்டியை விரல்வைத்து மூடிய பூங்கோதை.
டிக்கெட்டின் முதுகில் எழுதித் தந்தாள்:
பாக்கி 5.
உள்ளே
கண்ணாடிப் பெட்டி பெட்டியாய்ச் சில்லறை.

வருகைப் பதிவேட்டில் எனக்கு மேலே
நாற்பத்திரண்டு மாணவர்கள், ஒரே கையெழுத்தில்.
ஊர் என்ற கட்டத்தில் வெங்கமேடு.
நோக்கம் என்ற கட்டத்தில்
வெயில்.

நடுகல் வீரன் புலியைக் குத்திக்கொண்டே இருக்கிறான்.
புலிக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை.
சேரர் தலைநகர் வஞ்சி இதுவே என்கிறது ஒரு பலகை.
மலைக்கு அந்தப் பக்கம்
இதையே சொல்கிறவர்களும் உண்டாம்.
தலைநகரத்தில்தான் வேலை பார்க்கிறேன் என்று
இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆற்று மணலில் கிடைத்த ரோமக் காசுகளுக்கு
செல்போன் டார்ச் அடித்தபடி பின்னால் வந்தாள் பூங்கோதை.
பக்கவாட்டில் ஒரு ராஜா முகம்,
தலையில் இலைமாலை,
கன்னத்தில் குறுக்கே ஓர் உளிவெட்டு.
கோபத்தில் வெட்டியதல்ல. எனக்குத் தெரியும்.
உள்ளே செம்பா வெள்ளியா என்று பார்த்தது.
கப்பலேறி வந்த மூக்கென்று தயங்காமல்
ஒரே அழுத்து.
அப்புறம் பாஸ் என்று இந்தப் பக்கம் தள்ளியிருக்கிறாள்
பெயரில்லாத ஒரு செக்கர்.
ஆணாகவும் இருக்கலாம்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று
ஹாம்பர்க் போகவேண்டிய முந்நூறு மேசைவிரிப்பில்
நாற்பதுக்குச் சிவப்பு அம்பு ஒட்டினேன்.
"இவ்வளவு உத்துப் பாக்கோணுமா" என்று
சூப்பர்வைசர் என்னை உற்றுப் பார்த்தார்.

கை சும்மா இருக்குமா, எண்ணிவிட்டேன்.
பலகையில் பன்னிரண்டு.
பஞ்சில் பதினொன்று.
இடமிருந்து ஒருமுறை, வலமிருந்து ஒருமுறை.
ஓரத்தில் வட்டமாய் ஒரு குழி,
காசின் அளவுக்கு அழுந்தி, இன்னும் எழும்பாமல்.

"ஒண்ணு மெட்ராஸ் போச்சுங்க்கா, கண்காட்சிக்குன்னு.
நான் வேலைல சேர்றதுக்கு முந்தி."

திரும்பி வரவில்லையா?

டார்ச்சை அணைத்தாள்.
"சார்ஜ் இல்லீங்க."

பழைய தலைநகரத்திலிருந்து புதிய தலைநகரத்துக்கு
ஒரு பீஸ்.
சலான் யாரிடம் இருக்கும்?
பர்ஸில் எப்போதும் கிடக்கும் சிவப்பு அம்புத் தாளில்
ஒன்றை உரித்துக்
கண்ணாடிமேல் ஒட்டினேன்,
குழிக்கு நேராக.
பூங்கோதை பார்த்தாள்.
எடுக்கச் சொல்லவில்லை.

கிளம்பும்போது இழுப்பறையைத் துழாவியதில்
இரண்டு ரூபாய் அகப்பட்டது அவளுக்கு.
டிக்கெட்டைத் திரும்ப வாங்கி
ஐந்தை அடித்து மூன்று என்று திருத்தி
பக்கத்தில் சின்னதாய்க் கையெழுத்தும் போட்டாள்.

அடுத்த பராமரிப்பு
பதினெட்டாம் தேதி.