கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

கனசதுரம் உடையும்போது சத்தம் போடும்.
எண்ணூற்று அறுபத்து நான்கு கிலோநியூட்டனில்
ஒரு முறை இருமி,
இடுப்பு சிறுத்து உடுக்கை போல நின்றது.
தணிகாசலம் விசையைத் தளர்த்தினார்:
"முப்பத்தெட்டுப் புள்ளி நாலு, எழுதிக்கோங்க மேடம்."

மே மாதம். அம்பத்தூர் எஸ்டேட்.
கூடத்தில் ஒரே மின்விசிறி,
அதுவும் இயந்திரத்துக்கு.

போனில் கலைக்கோவன்:
"க்யூப் பாஸாயிடுச்சில்ல?
அப்புறம் எதுக்கு சிலிண்டர்?
வர்க்கமூலம் எடுத்து ஒரு எண்ணால பெருக்கினா
இழுவலிமை வந்துடப் போகுது.
ரிப்போர்ட்ல போட்டு விட்டுடுங்க."

அவர் சொல்வது பொய்யில்லை.
அந்த எண்ணைக் கண்டுபிடித்தவளே நான்தான்,
இந்தக் கூடத்து அளவுக்காவது.
எட்டு வருஷப் பதிவேடு.
நானூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள்:
அமுக்கத்துக்கு இவ்வளவு தாங்கியது,
இழுப்புக்கு இவ்வளவு.
ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து
ஒவ்வொன்றையும் புள்ளியாக வைத்தேன்.
ரேஷன் கடை வரிசை மாதிரி
கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே நின்றன.
நடுவில் ஒரு வளைகோடு போட்டேன்.
வர்க்கமூலத்தில் பாதி.
எட்டு வருஷத்துக்கு அவ்வளவுதான் விடை.

முப்பத்தெட்டுக்கு என் கோடு சொல்வது
மூன்று புள்ளி ஒன்று.

இருந்தாலும் சிலிண்டரை உருட்டி வரச் சொன்னேன்.

கான்கிரீட்டைப் பிடித்து இழுக்க
எங்களிடம் கைகள் இல்லை.
படுக்கப் போட்டு
மேலும் கீழும் ஒட்டுப்பலகைப் பட்டை வைத்து
அமுக்குகிறோம்.
அமுக்க அமுக்க அது
பக்கவாட்டில் இழுபடுகிறது.
பாரம் ஒரு திசையில்,
கிழிவது இன்னொரு திசையில்.
படித்தபோது இதைப் பரீட்சைக்கு எழுதினேன்.
நம்பியது கல்யாணத்துக்குப் பிறகு.

நூற்றுத் தொண்ணூறில்
சத்தமே இல்லாமல் இரண்டானது.
இரண்டு புள்ளி ஏழு.

கோட்டுக்குக் கீழே.

பிளந்த முகத்தில் தணிகாசலம் டார்ச் அடித்தார்.
கல் உடையவில்லை.
கல்லை விட்டுச் சாந்து விலகியிருந்தது,
பல் விழுந்த ஈறு போலக் குழி குழியாக.
"காஞ்சிருக்கு மேடம்."

சைட் டைரியைப் புரட்டினேன்.
கொடுங்கையூர், மேல்நிலை நீர்த்தொட்டி.
வார்த்த மாதிரிகளும் தொட்டிச் சுவரோடு
அங்கேயே நனைந்தவை.
நான்காம் நாள்: லாரி வரவில்லை.
ஐந்தாம் நாள்: லாரி வரவில்லை.
ஆறாம் நாள்: ஈரச் சாக்கு போட்டோம்.
அந்த வரிக்கு மட்டும் மை வேறு நிறம்.

அதே இரண்டு நாளும்
வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கும் வரவில்லை.
வரிசையில் குடங்களை நிற்க விட்டு
நான் பஸ் பிடித்தேன்.

அமுக்கினால்
மயிரிழை விரிசல்கள் வாயை மூடிக்கொள்ளும்.
கனசதுரம் தாகத்தைப் பற்றிப் பேசவே இல்லை.
இழுத்தபோதுதான் சொன்னது.
தொட்டிச் சுவரையோ
நாளை நிரம்பும் நீர்
சுற்றிலும் வெளியே தள்ளப் போகிறது.
அதற்கு வேண்டியது
முப்பத்தெட்டு இல்லை.

போன் மறுபடி அடித்தது.
"மூணுன்னு போடக் கூடாதா?
உங்க ஃபார்முலாதானே மேடம்?"

என் ஃபார்முலாதான்.
இரண்டு புள்ளி ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பென்சிலால் நானூற்றுப் பதின்மூன்றாவது புள்ளி.
கோடு நகர்ந்ததா என்று பார்த்தேன்.
கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை.

சாயங்காலம் தணிகாசலம்
சிலிண்டரின் இரண்டு அரைகளையும்
குடிதண்ணீர்க் கேனுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.
ஆடுமா என்று கேட்டேன்.
ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அமுக்கம்தானே. தாங்கும்."