விற்பனைக்கு: ஒரு வரைவு

பாவித்த கமெரா ஒன்று விற்பனைக்கு.
உள்ளே கண்ணாடி இல்லாத வகை, அதிலும்
ஆகக் கீழ்ப்படி.
மூன்று வருடமாக என் கையில்.
அதற்கு முதல் ஹோல்கர் என்பவருடையது:
ஓபர்பார்மன் கடைசித் தரிப்பில் நின்று
முந்நூற்றுப் பத்து யூரோவை
இரண்டு தரம் எண்ணியவர்.

நிறை, அரைக் கிலோ சீனிக்கும் குறைவு.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
எட்டு மணித்தியாலம் ஈர விரிப்பு இழுத்த தோள்
இதற்கு நற்சான்று தரும்.

திரை வெளியே மடங்கி வரும்.
இடுப்போடு பிடித்துக் குனிந்து பார்க்கலாம்.
நீங்கள் சில்லறை தேடுவதாக நினைத்து
ஆட்கள் முகத்தைத் திருத்தாமல் இருப்பார்கள்.

போனைப் போல இது இரவைப் பகலாக்காது.
பரு இருந்தால் பரு இருக்கும்.
"போன் போதாதோ?" என்று கிருபாகரன் கேட்டபோது
இதைச் சொல்லியிருக்கலாம்.
"போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன்.

குறைகள்.
மழை ஆகாது.
வாழ்வது வுப்பர்த்தாலில் என்றால்
இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.
இருட்டினால் படமெங்கும் ரவை தூவும்.
கூட வந்த லென்ஸ் சின்னக் கண்காரி;
தூரத்தைக் கிட்ட இழுக்க இழுக்க
இன்னும் கண்ணைச் சுருக்குவாள்.
கை நடுங்கினால் தாங்கிப் பிடிக்க
உள்ளே ஒன்றும் இல்லை.
மூச்சை நீங்களே அடக்க வேண்டும்.

பற்றரியைப் பற்றித் தனியாக.

மாசி மாதம், என்னோடு வேலை செய்யும் மிலிட்சாவுக்குப்
பதிவுத் திருமணம்.
ஐம்பத்திரண்டு வயதில், இரண்டாம் தரம்.
படம் பிடிக்கக் காசு குடுத்து ஆள் வைக்க மனமில்லை,
"நீ வா" என்றாள்.
சத்தத்தை நிறுத்தி வைத்தேன்.
பூனை நடப்பது போலக்கூட இல்லை,
அவ்வளவு அமைதி. இது பெரிய நிறை,
மேலே எழுத மறந்துவிட்டேன்.
பதிவாளர் வாசிக்க வாசிக்க
நூற்றெண்பது படம்.
பேனையை மிலிட்சா கையில் எடுத்தாள்.
திரை கறுத்தது.

கையெழுத்தை நான் வெறும் கண்ணால் பார்த்தேன்.
"மி"யில் தொடங்கி, நின்று,
பழைய குடும்பப் பெயரா புதியதா என்று
ஒரு கணம் யோசித்த பேனை.
அந்தப் படம் என்னிடம் இல்லை.

வெளியே வந்து பற்றரியைக் கழற்றிக்
கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.
குளிரில் செத்தது சூட்டில் கொஞ்சம் எழும்பும்.
எழும்பியது.
மூன்று படத்துக்கு.

ஒன்று: தாய் ரதோய்கா
பாலத்துச் சுவரில் கைவைத்து
ஒரு சப்பாத்தைக் கழற்றிப் பார்க்கிறாள். கல்லொன்றும் இல்லை.

இரண்டு: மணமக்கள்.
கண்ணைத் தேடிப் பிடிக்கும் பச்சைப் பெட்டி
பின்சுவரில் தேர்தல் போஸ்டரில் சிரித்தவரின்
கண்ணைப் பிடித்துக்கொண்டது.
அவர் கூர்மை. இவர்கள் இருவரும் புகை.

மூன்று: ஆற்றுக்கு மேலே
தொங்கு ரயில் வந்தது. அமத்தினேன்.
அமைதியை எடுத்துவிட மறந்திருந்தேன்.
அந்த அமைதிக்கு அவசரம் பிடிக்காது;
மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கும்,
வாசித்து முடிக்க ரயில் நகர்ந்துவிடும்.
ஆகவே வீடுகள் நேரே நிற்க
ரயில் மட்டும் சாய்ந்து போகிறது,
சலவைக்கூடத்துக்குப் பிந்தியவர்கள் ஓடும் சாய்வில்.

மன்னிப்போடு மூன்றையும் காட்டினேன்.
ரதோய்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
இரண்டாவதைத் தட்டிச் சொன்னதை
மிலிட்சா ஜேர்மனில் சொன்னாள்:
"இது பிழையில்லையாம்.
காலையில் நாங்கள் அவளுக்கு இப்படித்தானாம்."
சிரித்தோம். பெரிதாக அடித்துத் தரச் சொன்னாள்.
போஸ்டர்காரரை வெட்டிவிட்டுத்தான்.

அடியில் ஒரு கீறல் உண்டு.
மூடி தொலைந்தது. சார்ஜர் தருவேன்.
இரண்டாவது பற்றரி:
வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று
மூன்று வருடம்.

விலை

"ஆராவது கேட்டவையோ?" என்கிறான் கிருபாகரன்.
இன்னும் போடவில்லை.
விளம்பரத்துக்குக் கமெராவையே படம் எடுக்க வேண்டுமே,
போனைத் தா என்றேன்.
தந்தான்.
கீறல் படத்தில் விழவில்லை;
போன் தடவி அழித்துவிட்டது.
அது பொய் விளம்பரம்.
பொறு, ஜன்னலில் வெயில் திரும்பட்டும்.