பெட்டியோடு நின்றவன்

மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.
தண்ணீர் குடிக்க எழுந்தவள்
மாடி ஜன்னலில் நின்றுவிட்டேன்.
விஸ்துலா ஆற்றிலிருந்து ஏறி வந்த நவம்பர்ப் பனி
எங்கள் தெருவின் நான்கு விளக்குகளில்
மூன்றைத் தின்றிருந்தது.
மிச்சமிருந்த ஒன்றின் கீழே
ஒருவன்.
கையில் பெட்டி.

தட்டவில்லை. மணியை அழுத்தவில்லை.
பெட்டியைக் கைக்குழந்தைபோல்
நெஞ்சோடு தூக்கிப் பிடித்து
வாசற்கதவை ஒட்டிய சுவரோரம்
அரை அடி இடம், அரை அடி வலம்,
நகர்ந்து நகர்ந்து நின்றான்.

பதினோரு வருடங்களுக்கு முன்
அப்பாவின் வீட்டை விற்ற பணத்தைப்
பங்கு போட்ட அன்று
என் தம்பி டிமோன் ஒரு பெட்டியோடு
நார்வேக்குப் போனான்.
பிறகு ஒரே ஒரு கிறிஸ்துமஸ் அட்டை,
அதிலும் கையெழுத்து மட்டும்.
திரும்பி வந்தால் இப்படித்தான் வருவான் என்று
எப்படியோ எனக்குத் தெரிந்திருந்தது:
நேரங்கெட்ட நேரத்தில்,
மணியடிக்கக் கை வராமல்.

கிராட்சியானை எழுப்பவில்லை.
அவர் எழுந்தால் விளக்கைப் போடுவார்,
கணக்குக் கேட்பார்.
வெறுங்காலோடு படியிறங்கினேன்.
சூப் இருக்கிறது, நேற்றைய ரொட்டி போதும்.
முதல் வார்த்தை?
"உள்ளே வா, குளிர்."
அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை என்று பட்டது.

கோட்டுக்குப் பக்கத்து ஆணியில்
கார் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.
அது உறங்குவதே இல்லை என்று
அன்று எனக்குத் தெரியாது.
தன் கார் கூப்பிட்டால்
எந்த நேரமானாலும் 'ம்' என்று சொல்லிவிடும்.
யார் வாய்வழி அந்த அழைப்பு வந்தது என்று
பார்க்காது.

கன்னக்கோல் இல்லை அவனிடம்.
ஆனாலும் கன்னம் வைத்தான்,
எங்கள் சுவரோடு பெட்டியின் கன்னத்தை.
காரின் அழைப்பை இந்தப் பக்கம் கொண்டுவந்து
சாவியின் 'ம்'-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோன
தரகன்.
காரருகே இன்னொருவன் குனிந்திருந்தானாம்.
நான் பார்க்கவில்லை.
பெட்டியை விட்டு என் கண் நகரவேயில்லை.

கதவைத் திறந்தபோது
படியில் ஈரக் காலடிகள்.
தெருமுனையில் எங்கள் சாம்பல் நிறக் கார்
அவசரமே இல்லாமல்
வலப்பக்க விளக்கைச் சிமிட்டி
ஒழுங்காகத் திரும்பியது.
"டிமோன்" என்று கூப்பிட்டேன்.
அந்த மஞ்சள் சிமிட்டலைப் பார்த்துக்
கையும் அசைத்தேன்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

போலீஸ்காரர் படிவம் நிரப்பினார்.
கண்ணாடி உடைந்ததா? இல்லை.
பூட்டு நெளிந்ததா? இல்லை.
சத்தம்? இல்லை.
"பெட்டி வேலை," என்றார் சலிப்போடு,
"இந்த மாதம் ஆறாவது."
உயரம்? தெரியாது. தாடி? தெரியாது.
"பின்னே எதைத்தான் பார்த்தீர்கள்?"
மன்னிப்புக் கேட்க வந்தவன்போல்
அவன் நின்ற விதத்தைச் சொன்னேன்.
அவர் பேனாவை மூடினார்.

காரின் பின்னிருக்கையில்
என் குடையும் நூலகப் புத்தகம் ஒன்றும் இருந்தன.
நூலகம் மட்டும் இன்றுவரை கடிதம் அனுப்புகிறது.

இப்போது புதுக் காரின் சாவி
இஞ்சிரொட்டித் தகர டப்பாவுக்குள்.
டப்பாவைக் காரின் கூரைமேல் வைத்து
கைப்பிடியை இருமுறை இழுத்துப் பார்த்தார் கிராட்சியான்.
திறக்கவில்லை.
"நல்ல ஊமை," என்றார், திருப்தியாக.
டப்பாவைத் திறக்கும்போதெல்லாம்
கிராம்பு வாசனை சாவியோடு வருகிறது,
என் கையுறையில் ஒட்டிக்கொண்டு
அலுவலகம்வரை வருகிறது.

போன வாரம் தபால்காரப் பெண் சொன்னாள்,
எங்கள் அழைப்புமணி
ஏப்ரலிலிருந்தே அடிப்பதில்லையாம்.
அவள் கதவைத்தான் தட்டுகிறாளாம்.
புது பேட்டரி வாங்கிப் போட்டேன்.
வெளியே குளிரில் நின்று
இருமுறை அழுத்திப் பார்த்தேன்.
"யார்?" என்றார் கிராட்சியான் உள்ளிருந்து.