இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

வியாழன் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை
உடல் எங்களுக்கு.
மற்ற நாளெல்லாம் எதிர்க்கட்டிடத்து டாக்டர் பிள்ளைகளுக்கு.
அவர்கள் அறுத்து, பிரித்து, பெயர் சொல்லி முடித்த பிறகு
மிச்சத்தைப் பார்க்க வருவோம்
பி.எஸ்சி. நர்சிங், முதல் வருடம்,
அறுபது பேர், அதில் எட்டுப் பையன்கள்.
கத்தி எங்களுக்குக் கிடையாது.
கையுறை உண்டு, ஆளுக்கு ஒரு ஜோடி,
கிழிந்தால் அட்டெண்டர் எதிராஜுவிடம் கெஞ்ச வேண்டும்.

முதல் வாரம் ஜெமிமா மயங்கி விழுந்தாள்.
இரண்டாம் வாரம் எனக்குப் பசித்தது.
ஃபார்மலின் கண்ணைக் கரிக்க, மூக்கில் நீர் ஒழுக,
வயிறு மட்டும் தனியாக
கேன்டீன் பரோட்டாவை நினைத்துக்கொண்டிருந்தது.
வெட்கமாக இருந்தது.
எல்லாருக்கும் அப்படித்தான்டி என்றாள் பெனாசிர்.
அவள் நோன்பில் இருந்தாள்.

29Cயில் பக்கத்து சீட் கடைசிவரை காலி.
புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில்
மாடி ஏறுமுன் கீழ்க்குழாயில் கைகழுவச் சொன்னாள் அம்மா.
மூன்று முறை கழுவினேன்.
போகவில்லை.

நாலாம் மேசை.
ஆண், அறுபதுக்கு மேல்.
தாளில் அவ்வளவுதான்.
இன்று கவிழ்த்துப் படுக்க வைத்திருந்தார்கள்.
தேவசகாயம் சார் புட்டத்தைக் கண்ணாலேயே
நாலாகப் பிரித்தார்.
மேலே, வெளிப்பக்கக் கால் பங்கு, ஊசி இங்கே.
கொஞ்சம் கீழே, உள்ளே தவறினால்
இது, என்று தசையை விலக்கிக் காட்டினார்.
சார்ட்டில் மஞ்சள் நூல்.
இங்கே என் சுண்டுவிரல் பருமன்.
தொடச் சொன்னார். தொட்டேன்.
நனைந்த சணல்.
இதுவரை எத்தனை ஆரஞ்சுப் பழத்தில்
ஊசி குத்திப் பழகியிருப்பேன்!
ஆரஞ்சுக்கு நடக்கவேண்டிய கால் இல்லை.

பெனாசிர் பார்த்தது வேறு.
முதுகு முடிகிற இடத்தில்
மடித்துவைத்த தோலின் ஓரத்தில்
பத்து ரூபாய் நாணயத்தளவு
வெளுத்து, வழவழவென்று,
ஒரு மயிர்கூட இல்லாத வட்டம்.
சார், இது?
குனிந்தார்.
படுக்கைப் புண். ஆறிப்போச்சு.
சிலபஸ்ல இல்ல. அடுத்து...

ஆறிப்போச்சு.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
மருந்து மட்டும் போட்டால் ஆறுகிற புண்ணா அது?
போன மாதம்தான் மனப்பாடம் செய்தோம்,
இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம்,
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை,
விரிப்பில் சுருக்கம் கூடாது, ஈரம் கூடாது.
அப்படியென்றால் யாரோ இருந்திருக்கிறார்கள்.
பெரம்பூரிலோ பல்லாவரத்திலோ
கரண்ட் போன மே மாத ராத்திரியில்
அலாரம் வைத்து எழுந்து,
பன்னிரண்டு, இரண்டு, நாலு,
இந்தக் கனத்துக்கு முழங்காலை முட்டுக்கொடுத்துப் புரட்டி
நனைந்த துணியை உருவி.
திட்டியும் இருக்கலாம்.
திட்டிக்கொண்டே புரட்டியிருக்கலாம்.
மனைவியோ, மருமகனோ,
மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு வந்த ஹோம் நர்ஸோ.
எத்தனை மாதம் என்று
அந்த வட்டத்தை வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.
மூன்றாம் வருடத்தில் தெரியுமோ என்னவோ.
சார் தொடை எலும்புக்குப் போயிருந்தார்.
நோட்டில் நான் எதையும் எழுதியிருக்கவில்லை.

நாலடிக்க எதிராஜு வந்தார்.
மல்லாத்தணும், ஆறு பேர் வாங்க.
ஒண்ணு, ரெண்டு, மூணு.
நினைத்ததைவிடக் கனம்.
வைத்ததும் எல்லாரும் கையை எடுத்துவிட்டோம்.
பூங்கோதை மட்டும் குனிந்தபடியே இருந்தாள்.
அடியிலிருந்த பிளாஸ்டிக் விரிப்பை
ஒரு மூலையில் பிடித்து இழுத்தாள்,
பிறகு இன்னொரு மூலை,
முதுகுக்கும் மேசைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துத்
தடவிப் பார்த்தாள்.

என்னம்மா பண்ற, என்றார் எதிராஜு.
அவள் சட்டென்று கையை உருவிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு தன் பக்கத்து ஓரத்தை
அவரே இழுத்துக் கொடுத்தார்.