எட்டு அறைகளின் மணல்

பதினாறு பயணிகள், எட்டு அறைகள், பதினோரு ஆண்டுகள்.
அவர்கள் தீவில் இறங்கும் நேரம்தான்
நான் விரிப்புகளை உதறும் நேரம்.
அதனால் நார்சிசாவாகிய நான்
பிறந்த சாந்தா குரூஸைத் தவிர
இந்தக் கடலில் எந்தத் தீவையும் மிதித்ததில்லை.

ஆனாலும் தெரியும்.
தலையணை மடிப்பில் செங்கல்தூள் கிடந்தால்
நேற்று ராபிதா.
மாவாய் வெளுத்து விரலில் ஒட்டினால் எஸ்பான்யோலா.
ஃப்ளோரியானாவின் மணலில் பச்சைப்பொடி மினுங்கும்.
உடைந்த பாட்டில் கடலில் தேய்ந்ததோ என்று
முதல் வருடம் நினைத்திருந்தேன்.
எரிமலை துப்பிய கல் அது என்றாள் வழிகாட்டி ஹிமேனா.
பெர்னாந்தினாதான் அநேகமாக எதையும் அனுப்பாது.
அங்கே பாறைக்கு
மணலாகும் வயது இன்னும் வரவில்லை.

இரவு மேசையில் படங்களைக் காட்டிக்கொள்வார்கள்.
கோப்பை எடுக்கும் சாக்கில் நானும் பார்ப்பேன்:
நீலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து
பெண் பார்க்கும் பறவை,
தொண்டையை ஊதிச் சிவந்து
யாரும் வராமல் உட்கார்ந்திருக்கும் இன்னொன்று.
"கொடுத்துவைத்தவர் நீங்கள், தினமும் பார்க்கலாம்!"
சர்க்கரை வேண்டுமா என்று கேட்பேன்.

ஐந்தாம் அறை.
எல்லோரும் விமானத்துக்குப் போன பிறகு
மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே
காலுறையில் சுற்றி ஒரு கல்.
கருப்பு. ஈரக் கயிற்றை முறுக்கி வைத்ததுபோல் வரிகள்.
பார்த்தால் கனம், எடுத்தால் ரொட்டி.
சோதனைக்குப் பயந்து விட்டிருக்கலாம்.
மறந்திருக்கலாம்.
கல்லே மனம் மாறியிருக்கலாம்.

ஹிமேனா தலையில் கைவைத்தாள்.
"இந்த முறுக்கு சாந்தியாகோவிலும் உண்டு, பெர்னாந்தினாவிலும் உண்டு.
மாற்றி வைத்தால் அதுவும் குற்றம்."

"பெர்னாந்தினா" என்றேன்.
"எப்படி?"
"சாந்தியாகோவில் இறங்கிய அன்று
இந்தக் காலுறை என் துவைப்புக் கூடையில் இருந்தது."

பதினைந்து நாள் சுற்று முடிந்து
மேற்குக் கரைக்குத் திரும்பும்வரை
சோப்பு அலமாரியில் தூங்கியது கல்.
பூங்காக்காரர்களின் அனுமதிச் சீட்டில்
என் பெயருக்கு எதிரே ஹிமேனா எழுதினாள்:
கல்லை அடையாளம் கண்டவர்.

விடியுமுன் ரப்பர் படகு.
தினமும் என் கையால் காப்பி குடிக்கும் வில்ஃப்ரிடோ
என்னிடமும் அதே பாடத்தை ஒப்பித்தான்:
மணிக்கட்டைப் பிடி, ஒரு கால் விளிம்பில்,
அலை தூக்கும்போது ஏறு.

முதலில் பாறை தும்மியது.

பிறகுதான் கண் பழகியது.
உடும்புகள்.
ஒன்றன்மேல் ஒன்றாய்,
மூன்றாவதன் முதுகில் நான்காவதின் மோவாய்,
மூக்கால் உப்பைப் பீய்ச்சிக்கொண்டு
வெயிலுக்காகக் காத்திருந்தன.
பறக்கத் தெரியாத நீர்க்காகம் ஒன்று
கந்தல் சிறகை விரித்து உலர்த்தியது;
கிளிப் போட மறந்துவிட்டேனோ என்று
கை தானாக இடுப்புப் பைக்குப் போனது.
இரண்டு மீட்டர் தள்ளி நில் என்பது சட்டம்.
உடும்புக்கு யாரும் சொல்லவில்லை,
என் செருப்பின்மேல் அதன் வால்.

கல்லுக்கு இடம் தேடினேன்.
பல் விழுந்த இடம்போல் ஓர் ஓட்டையாவது இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்.
எங்கே வைத்தாலும் பொருந்தியது.
வைத்தேன்.
இரண்டடி வந்து திரும்பிப் பார்த்தால்
எது என்று தெரியவில்லை.
கொஞ்சம் கோபம் வந்தது,
யார்மீது என்று சொல்லத் தெரியாத கோபம்.

ஏழு நிமிடம் இருந்திருப்பேன்.
ஒரு தீவின் விதை இன்னொன்றுக்குப் போகக்கூடாது,
செருப்பைத் தேய்த்துக் கழுவு என்றான் வில்ஃப்ரிடோ.
கழுவினேன்.
எட்டு மணிக்குப் பயணிகள் இறங்கினார்கள்.
மூன்றாம் அறையிலிருந்து தொடங்கினேன்.

அன்றிரவு கீழ்த்தளத்தில்
இயந்திரம் உறுமும் சுவரோரம்
என் விரிப்பையும் ஒருமுறை உதறினேன்.
ஒன்றும் விழவில்லை.

தும்மல் வந்தது.