இருபத்தெட்டாம் நாள்

என் வேலை கல்லை உடைப்பது.
சரியாகச் சொன்னால்,
கல் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று
எழுதி வைப்பது.

கிளிநொச்சியில், பெரிய றோட்டுக்குப் பின்னால்
தகரக் கூரை ஆய்வுகூடம்.
பதினைந்து சென்ரிமீற்றர்க் கனச்சதுரங்கள்
தொட்டித் தண்ணீருக்குள் கிடக்கும்,
முதுகில் மெழுகுப் பென்சிலால் திகதி.

மாசியில் மாங்குளத்திலிருந்து
ஓர் உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சுவர் வந்தது.
சிட்டையில் "மூலப்பொருள்" என்றிருந்தது.
அனுப்பியவர்: க. தவபாலசிங்கம்.
புது வீடு கட்டி முடித்த பிறகும்
வளவின் மூலையில் பன்னிரண்டு வருடம்
ஆடு ஏறி நின்ற குவியலாம்.

நொருக்கியின் வாய்க்கு ஊர் தெரியாது.
இன்னும் மூன்று வளவுச் சுவர்களோடு சேர்த்து
அரைத்துத் துப்பியது.
பட்டிக்கு மேலே தொங்கும் காந்தம்
ஆணி, பிணைச்சல், முறுக்குக் கம்பி,
பிறகு சிலவற்றை எடுத்தது.
அந்தச் சிலவற்றுக்கு ஒரு மஞ்சள் வாளி.
வாளியை எடுக்க வேறு ஆட்கள் வருவார்கள்.

பரந்தன் நெல் ஆலையிலிருந்து உமிச் சாம்பல்.
ஆலைக்காரர் சும்மா தந்தார், ஏற்றுகூலியும் தந்தார்:
அயல் வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைச் சேட்டுகளால்
அவருக்கு மாதம் ஒரு வழக்கு.
சீமெந்தில் ஆறில் ஒரு பங்கை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் சாம்பலைப் போட்டோம்.
ஆற்று மணலிலும் பாதி மிச்சம்.
கணக்கு அழகாக இருந்தது.

முதல் கலவை பத்து நிமிடத்தில் வரண்டது.
குழைத்த பொடியன் இன்னொரு வாளி ஊற்றினான்.
இருபத்தெட்டாம் நாள்
முந்நூற்றெண்பதில் கனச்சதுரம் போய்விட்டது.
தேறவில்லை என்று எழுதினேன்.
இரண்டாவதும் அப்படியே.

வதனரூபி, எங்கள் பொறியியலாளர்,
ஒரு துண்டைப் பொறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
ஒட்டிக்கொண்டது.
"பழஞ்சாந்து தண்ணி குடிக்குது.
நாங்கள் ஊத்தினதை அளந்தம்,
இதின்ர விடாயை அளக்கேல்லை."

அன்றிரவு பீப்பாய்களில் இடிபாட்டை ஊறப்போட்டோம்.
காவலுக்கு நின்ற எனக்கு
விடியும்வரை குமிழி வெடிக்கும் சத்தம் கேட்டது.
இவ்வளவு காற்றை எங்கே வைத்திருந்தது
என்று தெரியவில்லை.
காலையில் ஈரச் சாக்கில் கொட்டி
மேல்நீர் வடிய விட்டுக் குழைத்தோம்.
கலவை கையில் நின்றது.

மூன்றாம் தொகுதியின் இருபத்தெட்டாம் நாள்
தவபாலசிங்கம் வந்தார், கெல்மெற்றைக் கையில் பிடித்தபடி.
"எவ்வளவு தாங்கும் எண்டு பாக்கலாமோ?"
கம்பி வலைக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன்.

முந்நூற்றெண்பது தாண்டியது. நானூற்றைம்பது.
ஐந்நூற்று அறுபத்திரண்டு போதும் எங்களுக்கு.
அதையும் தாண்டியது.
அவருடைய உதடு முள்ளோடு சேர்ந்து எண்ணியது.
ஐந்நூற்றுத் தொண்ணூறில் வெடித்தது.
அந்தச் சத்தத்துக்கு
அவர் குந்திவிட்டார்.
நான் இயந்திரத்தைத் துடைக்கிற மாதிரி நின்றேன்.

எழும்பும்போது கையில் ஒரு சில்லு,
ஓரத்தில் பச்சைச் சுண்ணாம்பு.
"இது எங்கட குசினி."
நாலு வளவுச் சுவர் அதில் கலந்திருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்தில் ஒரு பெட்டி:
உடைந்த விதம். "திருப்தி" என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தார்.
"உடையிறதிலயும் திருப்தியோ?"
நாலு பக்கமும் ஒரே மாதிரிப் போயிருக்கிறது,
சுமையைச் சரிசமமாய் எடுத்திருக்கிறது
என்று காட்டினேன்.
"ம்," என்றார், "அப்ப சரி."

துணுக்காய் வீதியில் ஒரு மதகுக்குப் போகும் என்றேன்.
எந்த மதகு என்று கேட்கவில்லை.
பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில்
590 கிலோ என்று எழுதி
சேட்டுப் பைக்குள் வைத்தார்.

உடைந்ததைக் கூட்டி
மீண்டும் நொருக்கியின் குவியலில் கொட்டும்போதுதான்
உறைத்தது.
கிலோ இல்லை. ஒரு மாடு நிறுக்கும் அது.
மோட்டார் சைக்கிள் கேற்றைத் தாண்டிவிட்டது.
ஓடிப்போய்க் கத்தினேன்:
"அண்ணை, அறுபது தொன்! அறுபது தொன்!"

திரும்பாமல் ஒரு கையைத் தூக்கினார்.
கேட்டதோ தெரியாது.